காட்சியை எந்தப் போர்ட்டுக்கு அனுப்புவது?

ஒரு கேமராவின் படம் ஒரே கட்டடத்தில் உள்ள 40 திரைகளுக்குப் போக வேண்டும். 40 தனித்தனிப் பிரதிகளாக அனுப்பினால், கேமராவிலிருந்து புறப்படும் கேபிளே நிரம்பிவிடும். ஒரே பிரதியை அனுப்பி, பாதை கிளை பிரியும் இடத்தில் சுவிட்ச் அதைப் பிரதியெடுத்துக்கொள்ளட்டும் என்பது மல்டிகாஸ்ட். இதில் சர்ச்சை இல்லை. சர்ச்சை அடுத்த படியில் தொடங்குகிறது: எந்தப் போர்ட்டுக்குப் பிரதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதைச் சுவிட்ச் எப்படித் தெரிந்துகொள்வது? யார் சொல்ல வேண்டும்? சொல்வதை அது நம்பலாமா?

1990களிலிருந்து இதற்குப் பல விடைகள் வந்துள்ளன. எதுவும் முழுமையாக வெல்லவில்லை. எதுவும் முழுமையாகச் சாகவும் இல்லை. எச்.டி.எம்.ஐ. கேபிளுக்குப் பதிலாக நெட்வொர்க் கேபிளில் படம் அனுப்பும் கருவிகள் கருத்தரங்கக் கூடங்களுக்கும் கட்டுப்பாட்டு அறைகளுக்கும் தொலைக்காட்சி நிலையங்களுக்கும் வந்தபிறகு, பழைய விடைகள் எல்லாவற்றையும் புதிய எடையில் சோதிக்க வேண்டியதாயிற்று.

கேள்வி பிறந்த இடம்

தொடக்ககால ஈதர்நெட்டில் இந்தக் கேள்வியே கிடையாது. எல்லாக் கணினிகளும் ஒரே கேபிளில் தொங்கின. ஒருவர் அனுப்பியது எல்லார் காதிலும் விழும். வேண்டியவர் எடுத்துக்கொள்வார், மற்றவரின் நெட்வொர்க் கார்டு தள்ளிவிடும். ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீவ் டீரிங்கும் டேவிட் செரிட்டனும் 1985 வாக்கில் 'குழு' என்ற கருத்தை இணைய நெறிமுறைக்குள் கொண்டுவந்தபோது, உள்ளூர் நெட்வொர்க்கைப் பற்றி அவர்கள் அதிகம் கவலைப்படத் தேவையிருக்கவில்லை. அங்கே மல்டிகாஸ்ட் இலவசம். அவர்களுடைய கவலை நெட்வொர்க்குகளுக்கு இடையில் இருக்கும் ரூட்டர்களைப் பற்றியது. டீரிங் 1989 ஆகஸ்டில் எழுதிய ஆர்எஃப்சி 1112 ஆவணத்தில் உள்ள ஐஜிஎம்பி நெறிமுறை, ஒரு கருவி தன் ரூட்டரிடம் "இந்தக் குழுவின் பாக்கெட்டுகள் எனக்கு வேண்டும்" என்று சொல்லும் மொழி. சுவிட்ச் அந்த உரையாடலில் ஒரு தரப்பே அல்ல.

ஆவணம் வந்த அடுத்த ஆண்டே நிலைமை மாறத் தொடங்கியது. கல்பனா நிறுவனத்தின் ஈதர்சுவிட்ச் 1990இல் சந்தைக்கு வந்தது. ஒவ்வொரு கணினிக்கும் தனிப் போர்ட், தனிப் பாதை. தனி முகவரிக்கு வரும் பாக்கெட்டைச் சரியான போர்ட்டுக்கு மட்டும் அனுப்பச் சுவிட்ச் கற்றுக்கொண்டது, ஏனென்றால் எந்த முகவரியிலிருந்து பாக்கெட் புறப்படுகிறது என்பதை அது பார்க்கிறது. ஆனால் குழு முகவரியிலிருந்து எந்தப் பாக்கெட்டும் புறப்படுவதில்லை. அது எப்போதும் சேருமிட முகவரி மட்டுமே. பார்த்துக் கற்றுக்கொள்ள வழியில்லாத இந்த இடைவெளிதான் பின்னர் வந்த எல்லா விடைகளுக்கும் காரணம்.

முதல் விடை: எல்லாப் போர்ட்டுக்கும் விடு

தெரியாததை எல்லாப் பக்கமும் அனுப்பு என்பது சுவிட்சுகளின் முன்னோடிகளான பிரிட்ஜ்களின் பழைய விதி. குழுப் பாக்கெட்டுக்கும் அதுவே பொருந்தியது. இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. 1992 மார்ச்சில் சான் டியேகோவில் நடந்த இணையப் பொறியியல் பணிக்குழுக் கூட்டத்தின் ஒலி, மல்டிகாஸ்ட் வழியாகப் பல இடங்களுக்குப் போனது. அத்தகைய ஒலி ஸ்ட்ரீம் பத்து மெகாபிட் ஈதர்நெட்டில் மிகச் சிறு பங்குதான். வேண்டாத போர்ட்டுக்கும் போனால் இழப்பு ஒன்றுமில்லை. எந்த அமைப்பும் தேவைப்படாததால் எதுவும் தவறாகிப்போவதும் இல்லை.

இன்றைய கணக்கு வேறு. ஒரு கிகாபிட் நெட்வொர்க்குக்கென்று செய்யப்பட்ட 4கே என்கோடர்கள் பல, படத்தைச் சுருக்கிய பிறகும் 800, 900 மெகாபிட் வரை அனுப்பக்கூடியவை. அத்தகைய இரண்டு என்கோடர்களை எல்லாப் போர்ட்டுக்கும் விட்டால், கட்டடத்தில் உள்ள ஒவ்வொரு ஒரு கிகாபிட் போர்ட்டும் ஒரே நேரத்தில் மூழ்கும். திரைகள் மட்டுமல்ல, அதே விலேனில், அதாவது சுவிட்சுக்குள் பிரித்த அதே தனி நெட்வொர்க்கில், இருக்கும் 100 மெகாபிட் தொடுபலகை, அச்சுப்பொறி, தொலைபேசி எல்லாம் சேர்ந்து மூழ்கும். வீடியோவுக்குத் தனி விலேன் ஒதுக்குவது அச்சுப்பொறியைக் காப்பாற்றும். திரைகளைக் காப்பாற்றாது.

இரண்டாம் விடை: சுவிட்ச் ஒட்டுக்கேட்கட்டும்

கருவி ரூட்டரிடம் பேசும் ஐஜிஎம்பி செய்திகள் சுவிட்ச் வழியாகத்தானே போகின்றன? அவற்றை எட்டிப் பார்த்து, எந்தப் போர்ட்டில் எந்தக் குழு கேட்கப்படுகிறது என்று அட்டவணை போட்டுக்கொண்டால் போதும். இதுதான் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங். வீடியோ கருவிகள் இருக்கும் பெரும்பாலான நெட்வொர்க்குகள் இன்று இதையே நம்புகின்றன.

இது யாரும் திட்டமிட்டு வடிவமைத்த நெறிமுறை அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர்கள் ஆளுக்கொரு விதமாகச் செய்துகொண்டிருந்ததை 2006 மே மாதம் ஆர்எஃப்சி 4541 தொகுத்துக் கொடுத்தது. அது தரநிலை ஆவணம் அல்ல, தகவல் ஆவணம். தயாரிப்பாளர்களிடம் கேட்டுப் பெற்ற விடைகளின் பட்டியலும் அதில் உண்டு. ஈதர்நெட் என்ற இரண்டாம் அடுக்கில் வேலை செய்ய வேண்டிய கருவி ஐபி என்ற மூன்றாம் அடுக்கின் செய்தியைத் திறந்து படிப்பது அடுக்குப் பிரிவினைக்கு முரணானது என்ற ஆட்சேபம் அன்றே இருந்தது. கொள்கை ஆட்சேபத்தைவிட, அந்த முரண் நடைமுறையில் எங்கெங்கே வெடிக்கிறது என்பதே இங்கே முக்கியம்.

முதலாவது, கேட்பவர் இல்லாத நெட்வொர்க். ஒரு கருவி குழுவில் சேரும்போது தானாக ஓரிரு முறை அறிவிக்கும். அதன்பின் ரூட்டர் கேட்டால்தான் பதில் சொல்லும். கேட்கும் அந்தப் பொறுப்பில் இருப்பதைத் துறையில் குவெரியர் என்பார்கள். வழக்கமான மதிப்புகளின்படி குவெரியர் 125 விநாடிக்கு ஒருமுறை கேட்கும். 260 விநாடிவரை பதில் வராத போர்ட்டைச் சுவிட்ச் அட்டவணையிலிருந்து நீக்கிவிடும். வீடியோவுக்காகத் தனியாக அமைத்த விலேனில் பெரும்பாலும் ரூட்டரே இருக்காது. ஆகவே யாரும் கேட்பதில்லை, யாரும் பதில் சொல்வதில்லை. படம் நான்கு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக ஓடி நின்றுபோகிறது. சில சுவிட்சுகளில் நிற்காமல் எல்லாப் போர்ட்டுக்கும் பரவுகிறது. நிறுவிய அன்று சோதித்தவர் மூன்று நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்பியிருந்தால் குறை அவர் கண்ணில் பட்டிருக்காது.

சுவிட்சையே குவெரியராக வேலை செய்ய வைப்பது இதற்கு மருந்து. ஆனால் இரண்டு சுவிட்சுகள் அந்தப் பொறுப்பை ஏற்க முன்வந்தால், ஐஜிஎம்பி இரண்டாம் பதிப்பின் விதிப்படி குறைந்த ஐபி முகவரி உள்ளது வெல்லும். தகுதி, இருப்பிடம், வேகம் எதுவும் கணக்கில் இல்லை. மூலையில் யாரோ செருகிய சிறு சுவிட்சுக்கு முகவரி சிறியதாக இருந்தால், மைய சுவிட்ச் வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

இரண்டாவது சிக்கல் இதிலிருந்தே வருகிறது. வீடியோவில் இதுவே மிகவும் விலையுயர்ந்த சிக்கல் என்பது என் கணிப்பு. ரூட்டர் இருக்கும் திசையிலுள்ள போர்ட்டுக்கு, யாரும் கேட்டாலும் கேட்காவிட்டாலும், எல்லாக் குழுக்களின் பாக்கெட்டுகளையும் அனுப்ப வேண்டும் என்பது ஆர்எஃப்சி 4541இன் பரிந்துரை. ரூட்டருக்கு அது நியாயமான தேவை: வெளியே யாருக்கு வேண்டும் என்பது அதற்குத்தான் தெரியும். ஆனால் ரூட்டரே இல்லாமல் குவெரியர் மட்டும் இருக்கும் கூடத்தில், குவெரியர் இருக்கும் திசையைச் சுவிட்ச் ரூட்டர் திசை என்று எண்ணிக்கொள்கிறது. ஒரு ஓரச் சுவிட்சில் 850 மெகாபிட் அனுப்பும் எட்டு என்கோடர்கள் இருந்தால், ஒரு திரைகூட எரியாதபோதும் மைய சுவிட்சை நோக்கி 6.8 கிகாபிட் ஓடிக்கொண்டேயிருக்கும். இணைப்புக் கேபிள் ஒரு கிகாபிட் என்றால் அந்த நொடியிலிருந்து எல்லாப் படமும் சிதறும். மூலையில் இருக்கும் சிறு சுவிட்ச் குவெரியர் பொறுப்பைப் பறித்துக்கொண்டால் இந்த வெள்ளம் அந்த மூலையை நோக்கித் திரும்பும். சில தயாரிப்பாளர்கள் இந்த விதியைத் தங்கள் சுவிட்சுகளுக்கிடையே தளர்த்தி வைத்திருக்கிறார்கள். நெட்கியரின் 'ஐஜிஎம்பி பிளஸ்' அத்தகையது. தளர்வு ஒரே தயாரிப்பாளரின் பெட்டிகளுக்குள் நன்றாக வேலை செய்யலாம். வேறு பெட்டி நடுவில் வந்தால் அதே உறுதி இருக்கும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, விலகும் நேரம். ஐஜிஎம்பி முதல் பதிப்பில் விலகுகிறேன் என்று சொல்லும் செய்தியே இல்லை. 1997இல் வந்த இரண்டாம் பதிப்பு அதைச் சேர்த்தது. அதன் பிறகும், போர்ட்டுக்குப் பின்னால் வேறு யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று ஒரு விநாடி இடைவெளியில் இரண்டு முறை கேட்டுவிட்டே சுவிட்ச் வெட்டும். அந்த இரண்டு விநாடியில் திரை அடுத்த காட்சிக்கு மாறியிருக்கும். அப்படியானால் ஒரு கிகாபிட் போர்ட்டில் 850 மெகாபிட் ஸ்ட்ரீம்கள் இரண்டு. 'ஃபாஸ்ட் லீவ்' என்ற அமைப்பு கேட்காமலே வெட்டும். திரைக்குப் படத்தை மாற்றித் தரும் டீகோடர் நேரடியாகச் செருகிய போர்ட்டில் அது சரி. அந்தப் போர்ட்டுக்குப் பின்னால் இன்னொரு சிறு சுவிட்ச் இருந்தால், ஒருவர் விலகியதும் பக்கத்துத் திரையும் அணைந்துபோகக்கூடும்.

நான்காவது, முகவரி மயக்கம். மல்டிகாஸ்ட் ஐபி முகவரியில் குழுவைக் குறிக்கும் 28 பிட்களை ஈதர்நெட் முகவரியின் 23 பிட்களுக்குள் அடைத்திருக்கிறார்கள். ஆகவே 32 குழுக்கள் ஒரே ஈதர்நெட் முகவரியில் வந்து விழும். 28 பிட்டும் அடங்க டீரிங்குக்கு 16 முகவரித் தொகுதிகள் தேவைப்பட்டன என்றும், ஒரு தொகுதியின் விலை 1,000 டாலராக இருந்ததால் இணைய எண்களை நிர்வகித்த ஜான் போஸ்டல் ஒன்று மட்டும் வாங்கி அதில் பாதியைக் கொடுத்தார் என்றும் துறையில் ஒரு கதை உலவுகிறது. கதை எப்படியிருந்தாலும் விளைவு கண்கூடு: ஈதர்நெட் முகவரியை மட்டும் பார்க்கும் சுவிட்சுக்கு 239.1.1.1 என்பதும் 239.129.1.1 என்பதும் ஒன்றே. 239.0.0 அல்லது 239.128.0 என்று தொடங்கும் முகவரியை வீடியோவுக்குக் கொடுத்தால் இன்னும் மோசம். அது 224.0.0 என்று தொடங்கும் கட்டுப்பாட்டு முகவரிகளோடு மோதுகிறது. அவற்றை எல்லாப் போர்ட்டுக்கும் விடுவது விதி. படமும் அவற்றோடு சேர்ந்து எங்கும் போகும்.

பேசத் தெரியாத மொழி

ஒட்டுக்கேட்பதற்குப் பதிலாகச் சுவிட்சிடமே நேரடியாகச் சொல்லலாமே? ஐஇஇஇ அமைப்பு 1998ஆம் ஆண்டின் 802.1டி தரநிலையில் ஜிஎம்ஆர்பி என்ற நெறிமுறையை இதற்காகவே சேர்த்தது. 2007இல் எம்எம்ஆர்பி அதன் இடத்துக்கு வந்தது. சிஸ்கோவின் சிஜிஎம்பி வேறொரு வழி: ரூட்டர் தனக்குத் தெரிந்ததைச் சுவிட்சுக்குச் சொல்லிக்கொடுக்கும். கோட்பாட்டளவில் ஜிஎம்ஆர்பி எல்லாவற்றிலும் சுத்தமானது. ஆனால் கேமராவும் கணினியும் அந்த மொழியைப் பேசவில்லை. எல்லாக் கருவிகளும் ஏற்கெனவே ஐஜிஎம்பி பேசிக்கொண்டிருந்தன. இன்னொன்றைக் கற்க யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை.

ரூட்டரின் முறை

பெரிய வளாகங்களில் ஒவ்வொரு சுவிட்சையும் ரூட்டராகவே நடத்தி, சுவிட்சுகளுக்கிடையே மல்டிகாஸ்ட் பாதைகளை அமைக்கும் பிஐஎம் நெறிமுறையை ஓட்டுவது அடுத்த நிலைப்பாடு. கேட்டவர் இருக்கும் திசைக்கு மட்டுமே ஸ்ட்ரீம் போகும். குவெரியர் திசை வெள்ளம் என்ற பிரச்சினை பெருமளவு மறைகிறது. ஐஜிஎம்பி மூன்றாம் பதிப்பு 2002இல் வந்தபோது, குழுவை மட்டுமின்றி யார் அனுப்பியதைக் கேட்கிறேன் என்பதையும் சொல்ல முடிந்தது. அனுப்புநரைக் குறிப்பிட்டுக் கேட்கும் இந்த முறை, முகவரி மோதலையும் வேண்டாத அனுப்புநரின் குறுக்கீட்டையும் தணிக்கிறது. வெவ்வேறு நெட்வொர்க்குகளுக்கிடையே அனுப்புநரைச் சொல்லாமல் கேட்கும் பழைய முறையைக் கைவிடும்படி 2020இல் ஆர்எஃப்சி 8815 பரிந்துரைத்தது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பிஐஎம்முக்குக் கொள்ளளவு தெரியாது. இரண்டு சமமான பாதைகள் இருந்தால், முகவரிகளை வைத்துப் போடும் ஹேஷ் கணக்குப்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். பத்து ஸ்ட்ரீம்களில் ஏழு ஒரே பாதையில் விழுந்தால் அது கவலைப்படாது. ஆயிரக்கணக்கான சிறு ஸ்ட்ரீம்கள் உள்ள இடத்தில் சராசரி சமாளித்துவிடும். எடை மிகுந்த சில ஸ்ட்ரீம்கள் உள்ள இடத்தில் சராசரி என்பதே இல்லை. தவிர, சில வீடியோ கருவிகள் பாக்கெட்டின் ஆயுளை ஒரு தாவல் என்று குறித்து அனுப்புகின்றன. முதல் ரூட்டரிலேயே அது இறந்துவிடும்.

முன்பதிவும் மையக் கட்டுப்பாடும்

கொள்ளளவைக் கேள்வியின் மையத்தில் வைத்தவை ஐஇஇஇயின் ஆடியோ வீடியோ பிரிட்ஜிங் தரநிலைகள். 2010இல் வந்த 802.1க்யூஏடி நெறிமுறையில் அனுப்பும் கருவி தனக்கு எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்று அறிவிக்கும், பெறும் கருவி கேட்டதும் பாதையில் உள்ள ஒவ்வொரு சுவிட்சும் அந்த இடத்தை ஒதுக்கும், இடமில்லையென்றால் மறுக்கும். வழக்கமாகப் போர்ட்டின் 75 விழுக்காடு வரையே ஒதுக்கலாம். ஜிஎம்ஆர்பியில் தோற்ற எண்ணம் இங்கே மறுபிறவி எடுத்தது என்று சொல்லலாம்: எம்எம்ஆர்பி நின்ற அதே அடித்தளத்தில்தான் இதுவும் நிற்கிறது. பாதையில் ஒரு சுவிட்ச் இந்த மொழி பேசாவிட்டாலும் உறுதி போய்விடும் என்பது இதன் பெரிய பலவீனம். மேடை ஒலித் துறையில் மிலான் என்ற வடிவத்தில் இது நிலைபெற்றது. வீடியோவில் அந்த அளவுக்குப் பரவவில்லை.

ஒளிபரப்புத் துறை வேறு பாதையில் போனது. 2017இல் வரத் தொடங்கிய எஸ்எம்பிடிஇ எஸ்டி 2110 தரநிலைகள் சுருக்காத படத்தை மல்டிகாஸ்ட்டில் அனுப்புகின்றன. விநாடிக்கு 60 சட்டகம் உள்ள முழு எச்.டி. படம் பத்து பிட் 4:2:2 வடிவில் ஏறக்குறைய 2.5 கிகாபிட். 4கே என்றால் படப்புள்ளிகள் மட்டுமே 9.95 கிகாபிட், தலைப்புகள் சேர்ந்தால் பத்து கிகாபிட் போர்ட்டில் இடமில்லை. பழுதுக்குக் காப்பாக ஒவ்வொரு ஸ்ட்ரீமையும் இரண்டு தனி நெட்வொர்க்குகளில் அனுப்புவதும் வழக்கம். இவ்வளவு எடையை ஹேஷ் கணக்கின் கையில் விட ஒளிபரப்பாளர்கள் விரும்பவில்லை.

ஆகவே எந்த ஸ்ட்ரீம் எந்தப் பாதையில் போகும் என்பதை ஒரு மைய மென்பொருள் முடிவு செய்து சுவிட்சுகளில் எழுதிவிடும் முறை வந்தது. ஓபன்ஃப்ளோ என்ற பெயரில் 2008இல் இதன் வித்து விழுந்ததும் ஸ்டான்ஃபோர்டிலிருந்துதான். சிஸ்கோவின் என்பிஎம் போன்ற அமைப்புகள் ஒரு படி நடுவில் நிற்கின்றன: கருவி வழக்கம்போல் ஐஜிஎம்பியில் கேட்கும், அந்த ஸ்ட்ரீமின் எடை என்ன என்று முன்பே எழுதி வைத்த கொள்கையைப் பார்த்துச் சுவிட்ச் இடமிருந்தால் மட்டும் சேர்க்கும்.

மையக் கட்டுப்பாட்டின் பலம் தெளிவு. பலவீனமும் அங்கேதான். கட்டுப்பாட்டு மென்பொருளுக்கு எல்லாக் கருவிகளும் தெரிந்திருக்க வேண்டும். கருவிகளை இணைப்பதற்கு ஏஎம்டபிள்யூஏ அமைப்பின் ஐஎஸ்-05 விவரக்குறிப்பு ஓரளவு பொதுமொழியாகிவிட்டது. நெட்வொர்க்கையே கட்டுப்படுத்தக் கொண்டுவந்த ஐஎஸ்-06 அந்த இடத்தைப் பிடித்ததாகத் தெரியவில்லை. சுவிட்ச் தயாரிப்பாளரும் கட்டுப்பாட்டு மென்பொருள் தயாரிப்பாளரும் இரண்டிரண்டாகப் பேசி முடிக்க வேண்டிய நிலை தொடர்கிறது.

மல்டிகாஸ்ட்டே வேண்டாம் என்போர்

2000ஆம் ஆண்டு வாக்கில், பிரதியெடுக்கும் வேலையை நெட்வொர்க்கிடமிருந்து பிடுங்கி ஓரத்துக் கணினிகளிடமே கொடுத்துவிடலாம் என்ற வாதம் வலுத்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்வைத்த 'எண்ட் சிஸ்டம் மல்டிகாஸ்ட்' அதன் புகழ்பெற்ற வடிவம். பொது இணையத்தைப் பொறுத்தவரை இந்தத் தரப்பு வென்றுவிட்டது. இணையத் திரைப்படச் சேவைகள் ஒவ்வொரு பார்வையாளருக்கும் தனிப் பிரதிதான் அனுப்புகின்றன. கட்டடத்துக்குள்ளும் இதற்கு ஆதரவு உண்டு. நியூடெக் 2015இல் அறிமுகப்படுத்திய என்டிஐ முறையில், மாற்றியமைக்காத வரை படம் தனிப் பிரதியாகவே போகிறது. ஐந்தாறு பார்வையாளர் உள்ள சிறு ஸ்டுடியோவில் இது நியாயமான தேர்வு. 40 திரையில் கணக்கு உடைகிறது.

வைஃபையில் இந்த வாதம் இன்னும் வலுவானது. குழுப் பாக்கெட்டை வைஃபை மெதுவான அடிப்படை வேகத்தில் அனுப்புகிறது; பெற்றேன் என்ற ஒப்புகையும் திரும்பி வராது. 2021இல் வந்த ஆர்எஃப்சி 9119 இந்தச் சிக்கல்களை விரிவாகத் தொகுத்திருக்கிறது. கேபிள்வரை மல்டிகாஸ்ட், காற்றில் தனிப் பிரதி என்று அணுகுமுனையிலேயே மாற்றித் தருவது இப்போதைக்கு நடைமுறையில் உள்ள சமரசம்.

திறந்திருப்பவை

இந்த விடைகளை வரிசையாக வைத்துப் பார்க்கையில் ஒன்று தெரிகிறது. ஐஜிஎம்பி குடும்பத்தின் எல்லாப் பதிப்புகளும் 'யாருக்கு வேண்டும்' என்பதை மட்டுமே கேட்டன. 'இடம் இருக்கிறதா' என்று கேட்கவில்லை. ஒரு ஸ்ட்ரீம் போர்ட்டின் கொள்ளளவில் நூறில் ஒரு பங்காக இருந்தவரை இரண்டாம் கேள்வி தேவைப்படவில்லை. பத்தில் ஒன்பது பங்கானதும் அதுவே முதல் கேள்வியாகிவிட்டது. ஸ்னூப்பிங்கின் குறைகள் என்று பேசப்படுபவற்றில் பெரும்பகுதி, அதனிடம் ஒருபோதும் ஒப்படைக்கப்படாத வேலையை அது செய்யவில்லை என்ற புகார்தான்.

ஒன்றிரண்டு சுவிட்சுகள் உள்ள கூடத்துக்கு ஸ்னூப்பிங்கே போதும் என்று கருத இடமிருக்கிறது. நிலையான ஒரு குவெரியர், கவனமாகத் தேர்ந்த முகவரிகள், எல்லா என்கோடர்களின் கூட்டுத்தொகையையும் தாங்கும் இணைப்புக் கேபிள் ஆகியவை நிபந்தனை. ஒளிபரப்பு நிலையங்களுக்கு எடை அறிந்த கட்டுப்பாடு தவிர வேறு வழி தென்படவில்லை. இடைப்பட்ட அளவுதான் தீராமல் நிற்கிறது: பத்து, இருபது சுவிட்சுகள் கொண்ட மருத்துவமனை, கல்லூரி, நீதிமன்ற வளாகம். அவற்றுக்கு மைய மென்பொருள் விலை அதிகம்; ஸ்னூப்பிங் போதாது. முன்பதிவு முறை இந்த இடத்துக்குப் பொருந்தியிருக்க வேண்டும், பொருந்தவில்லை. சந்தை அதற்குக் காரணமா, வடிவமைப்பா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. காட்சி மாறும் அந்த ஓரிரு விநாடி இரட்டைச் சுமையை எப்படி நடத்துவது என்பதற்கும், பழையதை வெட்டிவிட்டுப் புதியதைச் சேர்க்கும் முறையா, சேர்த்துவிட்டு வெட்டும் முறையா என்பதற்கும் எல்லாருக்கும் பொதுவான விடை இல்லை.

அதுவரை, இத்தகைய வளாகத்துக்குச் சுவிட்ச் வாங்குவோர் விவரத்தாளில் 'ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் உண்டு' என்ற வரியோடு நின்றுவிட வேண்டாம். குவெரியர் திசைக்குக் கேட்காத ஸ்ட்ரீம்கள் போகுமா, அட்டவணை நிரம்பினால் அல்லது குழு பதியப்படாவிட்டால் பாக்கெட்டைப் பரப்புமா கைவிடுமா, வேறு நிறுவனச் சுவிட்சோடு சேர்ந்தாலும் அதே நடத்தைதானா என்ற மூன்றையும் கேட்டு, விடையை எழுத்தில் வாங்குங்கள். எல்லா என்கோடர்களையும் ஓடவிட்டு, குறைந்தது பத்து நிமிடமாவது பார்த்துவிட்டு ஒப்புதல் கையெழுத்துப் போடுங்கள்.